பழைய பாட்டுக்குப் புதிய அடிகள்: விவிலியப் புகழ்ப்பாடல்களைப் பண்டைய யூதர்கள் மறுபடி பாடிய விதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்தப் பாடல்களைப் பற்றியது?

எபிரேய விவிலியத்தில் கதை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் நின்று பாடத் தொடங்கும் இடங்கள் பல உண்டு. செங்கடலைக் கடந்ததும் மோசேயும் மிரியாமும் பாடுகிறார்கள். பகைவரின் படைத்தலைவன் சிசெரா வீழ்ந்ததும் தெபொராளும் பாராக்கும் பாடுகிறார்கள். பல காலம் காத்திருந்து பெற்ற மகனைச் சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் விட்டுவிட்டு அன்னாள் பாடுகிறாள். இவற்றோடு 150 சங்கீதங்களும் இருக்கின்றன. பாரசீகர் ஆட்சிக்காலத்தின் பிற்பகுதி தொடங்கி ரோமர் ஆட்சிக்காலம் வரை வாழ்ந்த யூத எழுத்தாளர்கள் இந்தப் பாடல்களை அப்படியே படியெடுத்ததோடு நிற்கவில்லை. சிலவற்றை நீட்டினார்கள், சிலவற்றிலிருந்து அடிகளைப் பிரித்தெடுத்துப் புதிதாகக் கோத்தார்கள், சிலவற்றை வேறொருவர் வாயில் வைத்துப் பாடவிட்டார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். சங்கீதம் என்று நான் எழுதுவதைக் கத்தோலிக்கர்கள் திருப்பாடல் என்பார்கள். யாத்திராகமம் அவர்களுக்கு விடுதலைப் பயணம், நாளாகமம் அவர்களுக்குக் குறிப்பேடு. பழைய மொழிபெயர்ப்பின் பெயர்களையே இங்கே பயன்படுத்துகிறேன். யூதித்து, சீராக்கின் ஞானம் போன்ற நூல்களுக்கு மட்டும் கத்தோலிக்க விவிலியத்தின் பெயர்களைக் கொள்கிறேன், ஏனென்றால் தமிழில் அவை அங்கேதான் இருக்கின்றன.

இந்தப் பழக்கம் விவிலியம் எழுதி முடிக்கப்பட்ட பிறகு தொடங்கியதா?

இல்லை. விவிலியத்துக்குள்ளேயே அது நடந்திருக்கிறது, அதுவும் யாரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விதத்தில் நடந்திருக்கிறது. தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில் பாடப்பட்டதாக 1 நாளாகமம் 16ஆம் அதிகாரம் 8 முதல் 36 வரையுள்ள வசனங்களில் ஒரு பாட்டைத் தருகிறது. அதைச் சங்கீதப் புத்தகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தால், 105ஆம் சங்கீதத்தின் முதல் 15 வசனங்களும், 96ஆம் சங்கீதம் ஏறக்குறைய முழுவதும், 106ஆம் சங்கீதத்தின் முதல் வசனமும் கடைசி இரண்டு வசனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தைக்கப்பட்டிருப்பது தெரியும்.

தையலின் நுணுக்கம் சிறு சொற்களில் இருக்கிறது. 96ஆம் சங்கீதம் கடவுளின் வல்லமையும் அழகும் அவருடைய பரிசுத்த ஸ்தலத்தில் இருப்பதாகப் பாடுகிறது. நாளாகமத்தின் ஆசிரியர் அந்த இடத்தில் வெறுமனே "அவருடைய இடத்தில்" என்று எழுதுகிறார். சங்கீதம் காணிக்கையோடு அவருடைய பிராகாரங்களுக்கு வரச் சொல்கிறது. நாளாகமம் அவருக்கு முன்பாக வரச் சொல்கிறது. கதையில் அந்த நாளில் ஆலயம் இன்னும் கட்டப்படவில்லை, பெட்டி ஒரு கூடாரத்துக்குள் இருக்கிறது. இல்லாத ஆலயத்துக்கும் இல்லாத பிராகாரத்துக்கும் மக்களை அழைப்பது பொருந்தாது என்று ஆசிரியர் கருதியிருக்க வேண்டும். அதேபோல, முற்பிதாக்களைக் குறித்து "அவர்கள் கொஞ்சத் தொகையாய் இருந்தபோது" என்று 105ஆம் சங்கீதத்தில் வருவது எபிரேய நாளாகமத்தில் "நீங்கள் கொஞ்சத் தொகையாய் இருந்தபோது" என்றாகிறது. ஆபிரகாமின் காலத்துக் கதை ஒரே ஒரு விகுதி மாற்றத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கதையாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் கடைசியில் இருக்கிறது. 106ஆம் சங்கீதம் "ஜனங்களெல்லாரும் ஆமென் என்று சொல்வார்களாக" என்று முடிகிறது. நாளாகமத்தில் ஜனங்கள் எல்லாரும் ஆமென் என்று சொல்லியேவிட்டார்கள். பாட்டுக்குள் கட்டளையாக இருந்தது பாட்டுக்கு வெளியே நிகழ்ச்சியாக மாறி, கதை தொடர்ந்து போகிறது.

மிரியாம் பாடியது ஒரே ஒரு வசனம்தானா?

நம் கையிலிருக்கும் யாத்திராகமத்தின்படி அப்படித்தான். 15ஆம் அதிகாரத்தில் மோசேயின் பாட்டு 18 வசனங்கள் ஓடுகிறது. அதன் பிறகு தீர்க்கதரிசியாகிய மிரியாம் தம்புரை எடுத்துக்கொள்கிறாள், பெண்கள் எல்லாரும் நடனத்தோடு அவள் பின்னே போகிறார்கள், அவள் பாடுகிறாள்: கர்த்தரைப் பாடுங்கள், அவர் மகிமையாய் வெற்றி சிறந்தார், குதிரையையும் குதிரைவீரனையும் கடலிலே தள்ளினார். அவ்வளவுதான்; அடுத்த வசனத்தில் பயணம் தொடங்கிவிடுகிறது. (தம்புரு என்ற சொல்லைப் பார்த்துத் தந்திக்கருவி என்று எண்ணிவிட வேண்டாம். எபிரேயச் சொல் குறிப்பது தோல் போர்த்திய கைப்பறையை. கஞ்சிராவை நினைத்துக்கொள்வது பொருந்தும்.)

இவ்வளவு ஆரவாரமாகத் தொடங்கி ஒரே வசனத்தில் முடிகிறதே என்ற குறை இன்றைய வாசகருக்கு மட்டும் தோன்றியதில்லை. சாக்கடலருகே உள்ள கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த சுருள்களுள் ஒன்று, அறிஞர்கள் 365 என்று எண்ணிட்டிருப்பது, விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமத்தை விரிவாக்கியும் வரிசை மாற்றியும் எழுதியது. எழுத்தின் வடிவத்தை வைத்து அதைக் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கிறார்கள். அதன் ஒரு துண்டில், யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தின் 21ஆம் வசனம் வர வேண்டிய இடத்துக்கும் 22ஆம் வசனத்துக்கும் இடையே, வேறெங்கும் இல்லாத ஏழு வரிகளின் மிச்சம் இருக்கிறது. தோல் கிழிந்துபோனதால் ஒவ்வொரு வரியிலும் சில சொற்களே எஞ்சியிருக்கின்றன. நீர் பெரியவர், மீட்பவர் என்று ஒரு வரி. எதிரியின் நம்பிக்கை அழிந்துபோனது என்று இன்னொன்று. வலிய வெள்ளத்தில் அவர்கள் அழிந்தார்கள் என்று அதற்கடுத்தது. உயர்த்துகிறவரைப் போற்றச் சொல்லும் அழைப்பு ஒன்றும் உண்டு.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது முக்கியம். "வலிய வெள்ளம்" என்ற தொடர் மோசேயின் பாட்டில், எதிரிகள் ஈயத்தைப்போல் அமிழ்ந்த இடத்தில் வருவது. எஞ்சிய வரிகளில் பெருமிதத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் அந்தப் பாட்டின் முதல் வசனத்தின் வேரிலிருந்து பிறந்ததே. பெயர் தெரியாத அந்த எழுத்தாளர் அந்நியச் சரக்கு எதையும் இறக்கவில்லை. மோசேயின் பாட்டிலிருந்தே நூல் எடுத்து மிரியாமுக்கு ஓர் ஆடை நெய்திருக்கிறார். ஆனால் அவள் பாட்டு மோசேயின் பாட்டினுடைய எதிரொலியாக மட்டும் இருக்கவில்லை. எதிரியின் நம்பிக்கை அழிந்தது என்ற அடி மோசேயின் பாட்டில் கிடையாது.

இதை அவரே புனைந்தாரா, அன்று பாடப்பட்டுவந்த பாட்டொன்றைச் சுருளில் ஏற்றினாரா என்பதை ஏழு கிழிந்த வரிகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எப்படியானாலும் மிரியாமுக்குத் தனிப் பாட்டு வேண்டும் என்று கருதிய ஒருவர் அங்கே இருந்தார்.

கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் இந்தப் பாட்டை மாற்றினார்களா?

மாற்றினார்கள். எபிரேயத்தில் மோசே "பாடுவேன்" என்றும் மிரியாம் "பாடுங்கள்" என்றும் தொடங்குகிறார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று அழைக்கப்படும் பழைய கிரேக்க விவிலியத்தில் இரண்டு இடத்திலும் "பாடுவோம்" என்றே இருக்கிறது. இரண்டு குரல்களும் ஒரே கூட்டுப்பாட்டின் இரு பகுதிகளாகிவிட்டன.

மூன்றாம் வசனம் இன்னும் கவனிக்கத்தக்கது. எபிரேயத்தில் கடவுளைச் சொல்லுக்குச் சொல் போர்மனிதர் என்றே பாட்டு அழைக்கிறது. தமிழில் அது யுத்தத்தில் வல்லவர் என்று வந்திருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதைப் "போர்களை நொறுக்குகிறவர்" என்று எழுதினார். கடவுளை மனிதர் என்று சொல்லத் தயங்கியது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விளைவு அதைவிடப் பெரியது. போர் செய்பவராக நின்றவர் போர்களையே உடைப்பவராக ஆகிவிட்டார். அந்தச் சொற்றொடரை யூதித்து நூலின் ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

யூதித்தின் பாட்டு அப்படி எதைச் செய்கிறது?

கதை சுருக்கமாக இது. அசீரியப் படைத்தலைவன் ஒலோபெரின் பெத்தூலியா நகரை முற்றுகையிட்டுத் தண்ணீரை அடைத்துவிடுகிறான். யூதித்து என்ற கைம்பெண் அவன் கூடாரத்துக்குச் சென்று, அவன் குடித்து மயங்கிக் கிடக்கையில் அவன் தலையை வெட்டிக்கொண்டு வருகிறாள். பகைவர் சிதறியதும் பெண்கள் அவளைச் சூழ்ந்து ஆட, அவள் அவர்களுக்கு முன்னே ஆடிச் செல்ல, ஆண்கள் பின்னால் வருகிறார்கள். மிரியாமின் ஊர்வலம் மறுபடி நடக்கிறது. இந்த முறை தலைவிக்கு நீண்ட பாட்டே கிடைக்கிறது.

16ஆம் அதிகாரத்தில் உள்ள அந்தப் பாட்டு கைப்பறையோடு தொடங்கி, கிரேக்க யாத்திராகமத்தின் அதே சொற்களில், ஆண்டவர் போர்களை நொறுக்கும் கடவுள் என்கிறது. கடலோரத்தில் மோசே பாடிய கடற்பாட்டில் எதிரி "துரத்துவேன், பிடிப்பேன், கொள்ளையைப் பங்கிடுவேன்" என்று வீரம் பேசுவான். யூதித்தின் பாட்டில் அசீரியன் எல்லைகளை எரிப்பேன், இளைஞரை வாளால் வீழ்த்துவேன், குழந்தைகளைத் தரையில் மோதுவேன் என்று பேசுகிறான். இரண்டு இடத்திலும் எதிரியின் வாய்ச்சொல் அவனுடைய வீழ்ச்சிக்கு நேர்முன்னே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் வீழ்ச்சி வந்த வழி வேறு. கடற்பாட்டில் கடவுளின் வலக்கை எதிரியை நொறுக்கியது. இங்கே ஆண்டவர் அவனை ஒரு பெண்ணின் கையால் வீழ்த்தினார். இளைஞர்களோ உயர்ந்த அரக்கர்களோ அவனை அடிக்கவில்லை, அவளுடைய மிதியடி அவன் கண்ணைக் கவர்ந்தது, வாள் அவன் கழுத்தை ஊடுருவியது என்று பாட்டு அருகில் சென்று காட்டுகிறது. பெரும் படையையும் கடலையும் பாடிய பழைய பாட்டின் மொழிக்குள் ஒரு மிதியடியைக் கொண்டுவந்து வைத்த இந்தத் துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இவற்றை உண்மையில் யாராவது பாடினார்களா, அல்லது ஏட்டோடு நின்றுவிட்டனவா?

கடற்பாட்டைப் பொறுத்தவரை நல்ல சான்று ஒன்று இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத மெய்யியலாளர் ஃபைலோ, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதும்போது, அந்நகருக்கு அருகே மரேயோத்திஸ் ஏரிக்கரையில் வாழ்ந்த தெராப்பியூட்டர் என்னும் யூதத் துறவியரைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுடைய திருநாள் விருந்து முடிந்ததும் ஆண்கள் ஒரு பாடகர் குழுவாகவும் பெண்கள் ஒரு குழுவாகவும் நிற்பார்கள். முதலில் தனித்தனியே பாடி, பின் இரு குழுவும் ஒன்றாகி, விடியும்வரை பாடுவார்கள். கதிரவன் எழும்போது கிழக்கு நோக்கி நின்று கைகளை உயர்த்துவார்கள். இது செங்கடலோரம் மோசே ஆண்களையும் மிரியாம் பெண்களையும் நடத்திய அந்தப் பாட்டின் சாயல் என்று ஃபைலோ வெளிப்படையாகவே சொல்கிறார். கிரேக்க மொழிபெயர்ப்பின் "பாடுவோம்" என்ற பன்மை இங்கே உடலோடு நிற்கிறது.

அதே அலெக்சாந்திரியச் சூழலோடு தொடர்புபடுத்தப்படும் சாலமோனின் ஞானம் என்ற நூல் 10ஆம் அதிகாரத்தின் இறுதியில் கடற்பாட்டை நினைவுகூரும்போது, ஞானம் ஊமையரின் வாயைத் திறந்தது, குழந்தைகளின் நாவைத் தெளிவாகப் பேசவைத்தது என்கிறது. யாத்திராகமத்தில் குழந்தைகள் பாடியதாக எதுவும் இல்லை. பாலகரின் வாயிலிருந்து துதி எழுவதைச் சொல்லும் 8ஆம் சங்கீதம் இங்கே கடலோரத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். பிற்கால யூத மத ஆசிரியர்களான ரபிகளின் மரபு இதை இன்னும் வளர்த்தது: தாயின் மடியிலிருந்த குழந்தையும், பால் குடித்துக்கொண்டிருந்த சிசுவும், கருவிலிருந்த பிள்ளையும்கூட அன்று பாடியதாம்.

அன்னாளின் பாட்டு ஏன் இத்தனை பேரைக் கவர்ந்தது?

அந்தப் பாட்டு அவள் நிலைமையோடு முழுதாகப் பொருந்தவில்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைப்பேறு கிடைத்த ஒரு தாய், வீரரின் வில் முறிந்ததைப் பற்றி ஏன் பாட வேண்டும்? இஸ்ரவேலில் அரசனே இல்லாத காலத்தில், கர்த்தர் தம் ராஜாவுக்குப் பெலன் கொடுப்பார் என்று ஏன் முடிக்க வேண்டும்? வேறு தருணத்தில் பிறந்த பாட்டு அவள் வாயில் வைக்கப்பட்டது என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் விடை சொல்வார்கள். பண்டைய எழுத்தாளர்கள் வேறு விடை கண்டார்கள். அவள் தீர்க்கதரிசி, வரப்போவதைப் பாடினாள்.

தர்கூம் என்பது தொழுகைக்கூடங்களின் மரபில் வளர்ந்த அரமேய விளக்க மொழிபெயர்ப்பு. தீர்க்கதரிசிகளின் நூல்களுக்கான யோனத்தான் தர்கூம் பல தலைமுறைகளில் உருப்பெற்றது. அது அன்னாளின் பத்து வசனங்களை இஸ்ரவேலின் முழு வரலாறாக விரிக்கிறது. முதல் வசனத்திலேயே அவள் மகன் சாமுவேலையும், ஆலயத்தில் பதினான்கு ஆண்மக்களோடு பாடப்போகும் கொள்ளுப்பேரன் ஏமானையும் காண்கிறாள். அடுத்தடுத்து இஸ்ரவேலின் பகைவர்களான சனகெரிப், நேபுகாத்நேச்சார், கிரேக்க அரசுகள், ஆமானின் பிள்ளைகள் என்று வரிசை போகிறது. இறுதியில் கடைசிக் காலப் பகைவனான கோகின் படையும் மேசியாவும் வருகிறார்கள்.

ஒரு வசனத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். "மலடியாயிருந்தவள் ஏழு பெற்றாள், அநேகம் பிள்ளைகளைப் பெற்றவளோ பலட்சயப்பட்டாள்" என்பது மூலம். மலடியாகக் கிடந்தவள் எருசலேம், சிதறிப்போன தன் மக்களால் அவள் நிறைவாள் என்கிறது தர்கூம். பல மக்கள் நிறைந்திருந்தவள் ரோமாபுரி, அவள் பாழாவாள். ஒரு வீட்டுக்குள் அன்னாளுக்கும் பிள்ளைகள் பெற்றிருந்த அவள் சக்களத்திக்கும் இடையே நடந்த மனத்தாங்கல் இரண்டு நகரங்களின் விதியாகிவிடுகிறது. எருசலேமின் அழிவுக்குப் பின் இதைக் கேட்ட ஒருவருக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பெரும்பாலோர் கருதும் இன்னொரு நூல், ஆதாம் முதல் சவுல் வரையுள்ள கதையைத் திரும்பச் சொல்வது, எதிர்த் திசையில் போகிறது. அதன் ஆசிரியர் யாரென்று தெரியாது. லத்தீனில் ஃபைலோவின் நூல்களோடு சேர்ந்து கைமாறி வந்ததால் அவரைப் போலி ஃபைலோ என்று அழைக்கிறார்கள். 1527ஆம் ஆண்டு பாசல் நகரில் அது முதலில் அச்சானது. அதில் அன்னாள் எல்லா இனத்தாரையும் கேட்க அழைக்கிறாள், பிறகு தன் மார்பகங்களிடமே பேசுகிறாள்: சொட்டுங்கள், உங்கள் சாட்சியங்களைச் சொல்லுங்கள், பால் கொடுக்கும்படி உங்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாலால் வளர்கிறவன் மக்களுக்கு ஒளியாவான். விவிலியத்தில் அன்னாளின் பாட்டுக்குள் இல்லாத தாய்மையை இவர் திரும்பக் கொண்டுவருகிறார். இரண்டு மறுஆக்கங்களில் எனக்கு நெருக்கமானது இதுதான்.

தெபொராளின் பாட்டுக்கும் இதே கதிதானா?

ஏறக்குறைய. போலி ஃபைலோவின் நூலில், 32ஆம் அதிகாரத்தில், தெபொராள் போர்க்களத்தில் தொடங்காமல் ஆபிரகாமில் தொடங்குகிறாள். ஈசாக்குப் பலிபீடத்தில் கட்டப்பட்டது, சீனாய் மலையில் திருச்சட்டம் தரப்பட்டது ஆகியவற்றைப் பாடிய பிறகே நட்சத்திரங்கள் வானத்திலிருந்து போரிட்டதற்கு வருகிறாள். நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரத்தில் எந்தக் கோத்திரம் போருக்கு வந்தது, எது வராமல் ஆட்டு மந்தையருகே உட்கார்ந்திருந்தது என்று தெபொராள் கேட்கும் கூர்மையான கேள்விகள் இங்கே காணாமல் போய்விட்டன. பாட்டின் வீச்சு பெரிதானாலும், அந்தக் கூர்மையை இழந்தது ஒரு நட்டம் என்றே சொல்வேன்.

சங்கீதங்களை மாற்றினார்களா?

மாற்றினார்கள் என்பதற்குக் கும்ரானின் பதினொன்றாம் குகையில் 1956ஆம் ஆண்டு கிடைத்த பெரிய சங்கீதச் சுருள் சாட்சி. ஜேம்ஸ் சாண்டர்ஸ் அதை 1965ஆம் ஆண்டு முழுமையாகப் பதிப்பித்தார். அதில் சங்கீதங்களின் வரிசை நமக்குப் பழகிய வரிசையிலிருந்து வேறுபடுகிறது, நம் தொகுப்பில் இல்லாத பாடல்களும் இடையிடையே வருகின்றன.

அந்தச் சுருளில் 145ஆம் சங்கீதத்தின் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும், கர்த்தர் ஸ்தோத்திரிக்கப்பட்டவர், அவருடைய நாமம் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கப்பட்டது என்ற பல்லவி வருகிறது. 136ஆம் சங்கீதத்தின் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற பல்லவியை அறிந்தவர்களுக்கு இதன் பயன் உடனே விளங்கும்: ஒருவர் வசனத்தைப் பாட, மற்றவர்கள் பல்லவியால் பதில் சொல்லலாம். இந்தச் சங்கீதம் எபிரேய அரிச்சுவடி வரிசையில் அமைந்தது. வழக்கமான எபிரேயப் பாடத்தில் "நூன்" எழுத்துக்குரிய வசனம் மட்டும் இல்லை. சுருளில் அது இருக்கிறது, கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது.

சுருளின் பிற்பகுதியில், உரைநடையில், தாவீது எத்தனை பாடல்கள் இயற்றினான் என்று ஒரு கணக்கு வருகிறது: 3,600 சங்கீதங்கள், ஆண்டின் ஒவ்வொரு நாள் பலிக்கும் ஒன்றாக 364 பாடல்கள், ஓய்வுநாள்களுக்கு 52, அமாவாசைக்கும் திருவிழாக்களுக்கும் 30, துன்புற்றோர் மேல் பாடுவதற்கு 4, ஆக மொத்தம் 4,050. 364 என்ற எண் தற்செயலானதில்லை. கும்ரான் சமூகம் ஆண்டுக்கு 364 நாள் கொண்ட நாள்காட்டியைக் கடைப்பிடித்தது. தாவீது அவர்களுடைய நாள்காட்டியின்படி பாடியவனாகிவிட்டான். அத்தனை பாடல்கள் இருந்தன என்று நம்பிய ஒருவருக்கு, 150 என்பது மூடிய எண்ணாகத் தோன்றியிருக்க முடியாது.

பழைய சங்கீதச் சொற்களைக் கொண்டு புதிய பாடல் எழுதியவர்கள் உண்டா?

கும்ரானின் நன்றிப் பாடல்கள் சிறந்த எடுத்துக்காட்டு. எபிரேயத்தில் ஹோதயோத் எனப்படும் இவற்றின் முக்கியச் சுருள் முதலாம் குகையிலிருந்து 1947ஆம் ஆண்டு கிடைத்தவற்றுள் ஒன்று. பல பாடல்கள் "ஆண்டவரே, உமக்கு நன்றி சொல்கிறேன்" என்று தொடங்குகின்றன. தொடர்ந்து வரும் அடிகளில் சங்கீதங்கள், ஏசாயா, எரேமியா ஆகியவற்றின் சொற்கள் நெருக்கமாகக் கலந்திருக்கும்.

"என் தாகத்துக்குக் காடியைக் குடிக்கக் கொடுத்தார்கள்" என்று 69ஆம் சங்கீதத்தில் துன்புற்றவர் முறையிடுகிறார். நன்றிப் பாடலில் எதிராளிகள் தாகமுள்ளவர்களுக்கு அறிவின் பானத்தை மறுத்து, அவர்கள் தாகத்துக்குக் காடியைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். நடுவே "அறிவின்" என்ற ஒரே சொல் நுழைந்ததும், உடலின் தாகம் உண்மையான போதனைக்கான தாகமாகவும், காடி பொய்யான விளக்கமாகவும் மாறிவிடுகின்றன. போட்டிக் குழுக்களுக்கிடையே வேதத்தை விளக்குவது பற்றி நடந்த கடும் சச்சரவு அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. இதே சங்கீத வசனத்தை நற்செய்தி ஆசிரியர்கள் இயேசுவின் சிலுவைக்காட்சியோடு இணைத்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

சாலமோனின் சங்கீதங்கள் என்ற பெயரில் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் எஞ்சியிருக்கும் 18 பாடல்கள் வேறொரு காயத்திலிருந்து பிறந்தவை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே எருசலேமைப் பிடித்து ஆலயத்துக்குள் நுழைந்தான். அந்த அதிர்ச்சியில் எழுந்த 17ஆம் பாடல், இரண்டாம் சங்கீதத்தின் இருப்புக்கோலையும் குயக்கலத்தையும் எடுத்துக்கொண்டு, வரப்போகும் தாவீதின் வழிவந்த அரசனுக்குக் கொடுக்கிறது. ஆனால் அந்த அரசன் குதிரையையும் குதிரைவீரனையும் வில்லையும் நம்பமாட்டான் என்று அதே பாடல் சொல்கிறது. "குதிரையும் குதிரைவீரனும்" என்ற இணை கிரேக்கக் கடற்பாட்டின் முதல் வசனத்தில் கடலில் தள்ளப்பட்ட அதே இணை.

இதைக் கலப்படம் என்று சொல்வதில் என்ன தவறு?

கலப்படம் என்ற சொல்லுக்கு, தூய சரக்கு ஒன்று முன்பே முடிந்து மூடப்பட்டிருக்க வேண்டும். இந்த எழுத்தாளர்களின் காலத்தில் அப்படி ஒரு முத்திரையிட்ட பாடம் எல்லார் கையிலும் இருக்கவில்லை. உபாகமம் 32ஆம் அதிகாரத்தில் மோசேயின் இறுதிப் பாட்டு முடியும் 43ஆம் வசனத்தைப் பாருங்கள். வழக்கமான எபிரேயப் பாடத்தில் அது நான்கு அடிகள், கும்ரான் சுருள் ஒன்றில் ஆறு அடிகள், கிரேக்கத்தில் எட்டு அடிகள். வழக்கமான பாடம் இனத்தாரை மகிழச் சொல்கிறது. கும்ரான் சுருள் வானங்களை மகிழச் சொல்லி, தெய்வங்கள் எல்லாரும் அவரை வணங்கும்படி அழைக்கிறது. இங்கே கும்ரானின் பாடமே பழையது என்று கருதுவோர் பலர். நீண்டது எல்லாம் பிற்காலச் சேர்க்கை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

படியெடுக்கும்போது நேர்ந்த வேறுபாடும், நோக்கத்தோடு செய்த மறுஆக்கமும் ஒன்றல்ல. மிரியாமின் ஏழு வரிகளும் நாளாகமத்தின் தையலும் இரண்டாம் வகை. அவற்றிலும் பழைய பாட்டை ஒதுக்கும் எண்ணம் தெரியவில்லை, ஏனென்றால் பழைய பாட்டை மனப்பாடமாக அறிந்த ஒருவருக்கே அவற்றின் முழுச் சுவையும் கிடைக்கும்.

லூக்கா நற்செய்தியில் மரியாள் பாடும் பாட்டு இதில் சேருமா?

சேரும். வலியோரை அரியணையிலிருந்து தள்ளித் தாழ்ந்தோரை உயர்த்தினார், பசித்தோரை நலன்களால் நிறைத்துச் செல்வரை வெறுமையாய் அனுப்பினார் என்னும் அடிகள் அன்னாளின் பாட்டின் வார்ப்பிலேயே இருக்கின்றன. அன்னாளின் பாட்டைத் தர்கூம் உலக வரலாறாகவும் போலி ஃபைலோ தாய்ப்பாலாகவும் விரித்த அதே யூத மரபுக்குள்தான் இந்தப் பாட்டும் நிற்கிறது.

தமிழில் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பில் யூதித்து, சாலமோனின் ஞானம் ஆகியவையும், தானியேல் நூலில் கிரேக்கத்திலிருந்து வந்த மூன்று இளைஞர் பாட்டும் கிடைக்கின்றன. 148ஆம் சங்கீதத்தின் வானம், பனி, காற்று, விலங்கு என்ற பட்டியலை 136ஆம் சங்கீதத்தின் பல்லவி முறையோடு சேர்த்து, எரியும் சூளைக்குள் நின்று பாடும் பாட்டு அது. பழைய மொழிபெயர்ப்பு மட்டும் கையில் இருந்தால் 96ஆம் சங்கீதத்தையும் 1 நாளாகமம் 16ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய சொற்களின் கீழே பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படியுங்கள். தமிழில் விகுதி வேறுபாடு எல்லா இடத்திலும் வெளிப்படாது. ஆனாலும் பரிசுத்த ஸ்தலம் வெறும் ஸ்தலமாகும் இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.